பிஷப் இல்லாத சபை எப்படி முடிவெடுக்கிறது? ஸ்காட்லாந்துப் பொதுப் பேரவை, ஓர் அறிமுகம்

ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு பிஷப் கிடையாது. பேராயரும் இல்லை. பிரிட்டனின் அரசர் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைமை ஆளுநர். எல்லையைத் தாண்டி வடக்கே வந்தால் அந்தப் பட்டம் செல்லாது. 1950களில் பிஷப் போன்ற ஒரு பொறுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஓர் அறிக்கை வந்தது. 1959ஆம் ஆண்டுப் பேரவை அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது.

அப்படியென்றால் கடைசி வார்த்தை யாருடையது? ஒரு கூட்டத்துடையது. ஆண்டுதோறும் மே மாதத்தில் எடின்பரோவில் ஏறத்தாழ ஒரு வாரம் நடக்கும் பொதுப் பேரவைதான் அந்தச் சபையின் உச்ச அதிகாரம். சட்டமன்றம் அதுவே, உச்ச நீதிமன்றமும் அதுவே. ஆனால் மிகப் பெரிய விஷயங்களில் இந்தப் பேரவையால் தனியாக முடிவெடுக்க முடியாது. தன் கையைத் தானே கட்டிக்கொண்ட ஓர் அமைப்பு இது. அதைப் புரிந்துகொண்டால் மற்ற நடைமுறைகளின் காரணம் தானாக விளங்கும்.

மூப்பர் என்ற சொல்லிலிருந்து

ஸ்காட்லாந்துத் திருச்சபை 'பிரஸ்பிட்டேரியன்' மரபைச் சேர்ந்தது. அந்தப் பெயர் 'பிரஸ்பிட்டெரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ் வேதாகமத்தில் 'மூப்பர்' என்று இருப்பது அதுதான். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில், விருத்தசேதனம் பற்றிய சச்சரவைத் தீர்க்க அப்போஸ்தலரும் மூப்பரும் எருசலேமில் கூடி ஆலோசிக்கிறார்கள். தனி ஒருவர் தீர்ப்புச் சொல்லாமல் கூடிப் பேசி முடிவுக்கு வந்ததைத்தான் இந்த மரபு தன் முன்மாதிரியாகச் சொல்கிறது.

அமைப்பு மூன்று படிகளாக இருக்கிறது. உள்ளூர்ச் சபையில் போதகரும் மூப்பர்களும் சேர்ந்தது கிர்க் செஷன். ஒரு வட்டாரத்துச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்தது பிரஸ்பிட்டரி. நாடு முழுவதற்கும் பொதுப் பேரவை. இடையில் சினாடு என்று ஒரு படி இருந்தது; 1990களின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இந்த மூன்றையும் 'கோர்ட்' என்றே அழைக்கிறார்கள். கீழ்க் கோர்ட்டில் எடுத்த முடிவை மேல் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளில் 'மாடரேட்டர்' என்ற சொல் பழக்கமானதுதான். 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுசேர்ந்த மரபுகளில் பிரஸ்பிட்டேரியனும் ஒன்று. ஆனால் பெயர் ஒன்று என்பதால் பதவியும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. சி.எஸ்.ஐ.யில் மாடரேட்டர் ஒரு பிஷப். ஸ்காட்லாந்தில் மாடரேட்டர் என்பவர் கூட்டத்தை நடத்துபவர், அவ்வளவே. பதவிக்காலம் ஓர் ஆண்டு. அந்த ஓராண்டும் சபையின் முகமாக ஊர் ஊராகப் போவார், பேசுவார். சபைக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. போதகராக இருக்க வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை: 2004இல் மாடரேட்டரான அலிசன் எலியட் ஒரு மூப்பர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்ணும் அவர்தான்.

மண்டபத்தில் யார் எங்கே

எடின்பரோவில் 'தி மவுண்ட்' என்ற மேட்டில் பேரவை மண்டபம் இருக்கிறது. 1999இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மீண்டும் உருவானபோது, சொந்தக் கட்டடம் தயாராகும் வரை, 2004 வரைக்கும், இந்த மண்டபத்தில்தான் இயங்கியது.

மாடரேட்டரின் நாற்காலிக்கு மேலே ஒரு மாடம். அரசரின் பிரதிநிதியான லார்டு ஹை கமிஷனர் அங்கே அமர்வார். அந்த மாடத்துக்குப் பேரவைத் தளத்திலிருந்து வழி கிடையாது; வெளியிலிருந்து தனிப் பாதையில்தான் போக வேண்டும். அரசர் விருந்தினராக வரலாம், தொடக்கத்திலும் முடிவிலும் பேசலாம். விவாதத்திலும் வாக்கிலும் அவருக்கு இடமில்லை. இந்த இறையியலைப் புத்தகத்தில் படிப்பதைவிட, படிக்கட்டு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்தால் சட்டென்று விளங்கும். ஆவிக்குரிய காரியங்களில் சபை சுதந்திரமானது என்பதை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் ஏற்றுக்கொண்டது.

மாடரேட்டருக்கு அருகில் கிளார்க்குகள். கிளார்க் என்றால் நம் வழக்கில் வரும் குமாஸ்தா இல்லை. விதிகளும் முன்னுதாரணங்களும் தெரிந்தவர் பிரின்சிபல் கிளார்க். மாடரேட்டர்கள் ஆண்டுக்கு ஒருவராக மாறினாலும் அவர் தொடர்ந்து இருப்பார். 'புரொக்யூரேட்டர்' என்ற சட்ட ஆலோசகரும் உடன் இருப்பார். யாராவது அவசரத்தில் கொண்டுவரும் தீர்மானம் நாட்டின் சட்டத்தோடு மோதுமா, பேரவையின் அதிகாரத்துக்குள் வருமா என்ற கேள்வி எழும்போது எல்லோர் பார்வையும் அவர் பக்கம் திரும்பும்.

எதிரே அமர்ந்திருப்பவர்கள் கமிஷனர்கள். கமிஷனர் என்றதும் நமக்குப் போலீஸ் கமிஷனர் நினைவுக்கு வருவார். இங்கே பொருள் வேறு: பிரஸ்பிட்டரி அதிகாரம் தந்து அனுப்பிய போதகர், மூப்பர் அல்லது டீக்கன் (சேவைப் பணிக்கு நியமிக்கப்பட்டவர்). 'பிரதிநிதி' என்று சொல்லாமல் 'கமிஷனர்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று பிரஸ்பிட்டரி அவருக்குக் கட்டளையிட முடியாது. அவர் விவாதத்தைக் கேட்டு, ஜெபித்து, மனச்சாட்சிப்படி வாக்களிக்க வேண்டும். வாக்கை முன்கூட்டியே ஊரில் முடித்துவிட்டு வந்தால் ஒரு வாரம் கூடிப் பேசுவதற்கு அர்த்தமே இல்லை என்பது இந்த மரபின் உறுதியான எண்ணம். எனக்கும் இதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஒரு தீர்மானம் போகும் பாதை

பேரவைக்குப் பல வாரங்கள் முன்பே குழுக்களின் அறிக்கைகள் தொகுப்பாக வெளிவரும். பழைய ஆட்கள் அதை 'புளூ புக்' என்பார்கள். ஒவ்வோர் அறிக்கைக்கும் முன்னால் எண் போட்ட சில வாக்கியங்கள் இருக்கும். அதன் பெயர் 'டெலிவரன்ஸ்'. புதிதாக வருபவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். அறிக்கை நாற்பது பக்கம் இருந்தாலும் வாக்கெடுப்பு நடப்பது டெலிவரன்ஸுக்கு மட்டுமே.

முதல் வாக்கியம் பெரும்பாலும் 'அறிக்கையைப் பெற்றுக்கொள்கிறது' என்றிருக்கும். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பெற்றுக்கொள்வது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. அறிக்கை மேசைக்கு வந்துவிட்டது, அதைப் பற்றிப் பேசலாம் என்பது மட்டுமே அதன் பொருள். அறிக்கை வெளியான மறுநாளே 'திருச்சபை இப்படிச் சொல்கிறது' என்று செய்தித்தாள்கள் எழுதுவது வழக்கம். அந்த நேரத்தில் திருச்சபை எதையும் சொல்லியிருக்காது, ஒரு குழு சொல்லியிருக்கும். பேரவை வாக்களித்த பிறகே அது சபையின் நிலைப்பாடு.

அடுத்து வரும் வாக்கியங்களில் வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். 'கட்டளையிடுகிறது' என்றிருந்தால் அந்தக் குழுவோ பிரஸ்பிட்டரியோ அதைச் செய்தே ஆக வேண்டும். 'வலியுறுத்துகிறது', 'ஊக்குவிக்கிறது', 'அழைக்கிறது' என்றிருந்தால் செய்வதும் விடுவதும் அவரவர் முடிவு. 'குறித்துக்கொள்கிறது' என்றால் தெரிந்துகொண்டோம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. விவாதத்தில் ஒருவர் எழுந்து, 'வலியுறுத்துகிறது' என்பதை எடுத்துவிட்டுக் 'கட்டளையிடுகிறது' என்று போடுங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தால், அது சொல் விளையாட்டு இல்லை. நாடு முழுவதும் உள்ள சபைகளுக்கு ஒரு புதுக் கடமை அந்த ஒரு சொல்லில் பிறக்கிறது.

அறிக்கையைக் குழுவின் தலைவரான கன்வீனர் முன்வைத்துப் பேசி, டெலிவரன்ஸை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். முதலில் கேள்வி நேரம். கேள்வி என்ற பெயரில் உரை நிகழ்த்தினால் மாடரேட்டர் நிறுத்திவிடுவார். அதன் பிறகு விவாதம். திருத்தமோ எதிர்த் தீர்மானமோ கொண்டுவர விரும்புகிறவர் அதை எழுத்தில் தர வேண்டும், வழிமொழிய ஆள் வேண்டும். முன்கூட்டியே தந்துவிட்டால் அன்றைய தினத் தாளில் அச்சாகி எல்லோர் கையிலும் இருக்கும். விவாதச் சூட்டில் துண்டுத் தாளில் எழுதிய திருத்தம்தான் ஆபத்தானது. நல்ல நோக்கத்தோடு எழுதிய ஒரு வரி, ஏற்கெனவே உள்ள ஒரு சட்டத்துக்கு முரணாகிவிடும். அல்லது பணமும் ஆளும் இல்லாத ஒரு வேலையை ஒரு குழுவின் தலையில் கட்டிவிடும். அடுத்த ஆண்டு அந்தக் குழு 'இதைச் செய்ய இயலவில்லை' என்று அறிக்கை தருவதைப் பார்க்கலாம். அதனால் ஒரு தீர்மானம் எழுதும்போது யார் செய்வது, எந்த நிதியில், எந்தப் பேரவைக்குள் பதில் தருவது என்ற மூன்றும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

குழுவின் வழியாக மட்டும்தான் விஷயங்கள் வரும் என்றில்லை. பிரஸ்பிட்டரி ஒன்று நேரடியாக 'ஓவர்ச்சர்' அனுப்பலாம். இசை நிகழ்ச்சியின் தொடக்கத்தை நினைத்துக் குழம்ப வேண்டாம். மேல் கோர்ட்டின் முன் வைக்கும் முறைப்படியான முன்மொழிவுக்குப் பெயர் அது.

வாக்கில் தோற்றவர் தன் எதிர்ப்பைப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். அதனால் முடிவு மாறாது. ஆனாலும் அந்த முடிவுக்குத் தான் உடன்படவில்லை என்பது சபையின் ஆவணத்திலேயே நிற்கும். சிறுபான்மையை வாயடைக்காமல் கூட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கும் இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

1697இன் கடிவாளம்

இனி, பேரவையால் தனியாக முடிவெடுக்க முடியாத விஷயங்களுக்கு வருவோம். உபதேசம், ஆராதனை, ஒழுங்கு, ஆளுகை என்ற நான்கில் எதையாவது தொடும் நிரந்தரச் சட்டம் எதுவானாலும், பேரவை நிறைவேற்றியதும் உடனே அமலுக்கு வராது. முதலில் ஓவர்ச்சராக நிறைவேற்றி எல்லாப் பிரஸ்பிட்டரிகளுக்கும் அனுப்ப வேண்டும். அவை விவாதித்து, சரி அல்லது வேண்டாம் என்று பதில் தர வேண்டும். பெரும்பான்மைப் பிரஸ்பிட்டரிகள் சரி என்றால், அடுத்த ஆண்டுப் பேரவை அதைச் சட்டமாக்கலாம். இதுதான் 1697இல் வந்த 'பாரியர் ஆக்ட்'. திடீர் மாற்றங்களால் சபை குலைந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட அணை.

இதில் நுட்பமான சங்கதிகள் சில உண்டு. பிரஸ்பிட்டரிகள் கருத்து எழுதி அனுப்பலாம், ஆனால் வாசகத்தைத் திருத்த முடியாது. பெரும்பான்மை என்று எண்ணுவது பிரஸ்பிட்டரிகளைத்தான், அவற்றில் கை தூக்கிய தலைகளை இல்லை; பெரிய நகரத்துப் பிரஸ்பிட்டரிக்கும் சிறு தீவுப் பிரஸ்பிட்டரிக்கும் ஒரே எடை. பெரும்பான்மை கிடைத்துவிட்டாலும் அடுத்த பேரவை நிறைவேற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது மறுபடி வாக்களிக்கும். பெரும்பான்மை கிடைக்காவிட்டாலோ, பேரவை எவ்வளவு விரும்பினாலும் சட்டமாக்க முடியாது. பதில் வரும்வரை காத்திருக்க இயலாத நிலையில் 'இடைக்காலச் சட்டம்' போட வழி உண்டு.

சபையின் அடிப்படை விதிகளான 'ஆர்ட்டிக்கிள்ஸ் டிக்ளரேட்டரி'யை மாற்ற வேண்டுமானால் அணை இன்னும் உயரம்: பிரஸ்பிட்டரிகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதுவும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், ஒப்புக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? 2009இல் அபர்டீன் நகரத்துச் சபை ஒன்று, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட ஒரு போதகரை அழைத்தது. பிரஸ்பிட்டரி சம்மதித்தது. அதன் உறுப்பினர் சிலர் பேரவையிடம் முறையிட்டார்கள். பேரவை கோர்ட்டாக அமர்ந்து, 326க்கு 267 என்ற வாக்கில், பிரஸ்பிட்டரி செய்தது செல்லும் என்றது. பலர் அன்றே சட்டம் மாறிவிட்டதாக நினைத்தார்கள். மாறவில்லை. ஒரு வழக்கில் சொன்ன தீர்ப்பு அந்த வழக்குக்கு உரியது; சபை முழுமைக்குமான சட்டம் வேறு. அதே பேரவை, 2011 வரை இதுபோன்ற புதிய நியமனங்களை நிறுத்திவைத்து, ஆராய ஒரு தனி ஆணையத்தையும் அமைத்தது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2014ஆம் ஆண்டுப் பேரவை ஒரு சட்ட முன்வரைவைப் பிரஸ்பிட்டரிகளுக்கு அனுப்பியது: சபையின் மரபான நிலைப்பாடு அப்படியே இருக்கும், ஆனால் தன்பால் குடிமை இணைவில் (திருமணமாக இல்லாமல் சட்டப்படி பதிவுசெய்த துணை உறவில்) உள்ள போதகரை ஏற்க விரும்பும் உள்ளூர்ச் சபை அப்படிச் செய்யலாம். 31 பிரஸ்பிட்டரிகள் சரி, 14 வேண்டாம் என்றன. 2015 மே மாதத்தில் பேரவை 309க்கு 182 என்று நிறைவேற்றியது. தன்பால் திருமணங்களைப் போதகர்கள் நடத்திவைக்கலாமா என்ற அடுத்த கேள்விக்கு 2021இல் ஓவர்ச்சர் போனது. 29 பிரஸ்பிட்டரிகள் ஆதரித்தன, 12 எதிர்த்தன. 2022இல் 274க்கு 136 என்று சட்டமானது. விரும்புகிற போதகரும் டீக்கனும் நடத்திவைக்க அனுமதி கேட்கலாம், யாருக்கும் கட்டாயமில்லை என்பது அதன் சாரம்.

2009இலிருந்து 2022 வரை பதின்மூன்று ஆண்டுகள். மாற்றத்தை வேண்டியவர்களுக்கு அது தாங்க முடியாத தாமதம். எதிர்த்தவர்களுக்கு, தடுக்க முடியாமல் நெருங்கி வந்த ஒன்று. இரு தரப்பின் வலியும் உண்மை. ஆனால் ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு வட்டாரமும் இதைத் தன் மேசையில் வைத்துப் பேச வேண்டியிருந்தது. எடின்பரோவில் யாரோ முடிவெடுத்து எங்கள்மேல் திணித்தார்கள் என்று சொல்ல முடியாமல் செய்வதுதான் பாரியர் ஆக்டின் வேலை.

சபை உடைந்த நாள்

இத்தனை கவனமாக அமைத்த முறையும் ஒருமுறை உடைந்தது. அக்காலத்தில் ஒரு ஊருக்குப் போதகர் யார் என்பதை நிலவுடைமைப் புரவலரே சொல்வார். 1834இல் பேரவை, சபையின் குடும்பத் தலைவர்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றால் அந்தப் போதகரை நியமிக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு ஆக்டரார்டர் என்ற ஊரில், 330 குடும்பத் தலைவர்களில் 287 பேர் புரவலரின் ஆளை மறுத்தார்கள். அவர் நாட்டின் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றமும், பின்பு மேல்முறையீட்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையும், பேரவை தன் அதிகாரத்தை மீறிவிட்டது என்று தீர்ப்பளித்தன.

1843 மே 18. எடின்பரோ ஜார்ஜ் தெருவில் உள்ள புனித அந்திரேயா ஆலயத்தில் பேரவை தொடங்க வேண்டிய நேரம். பதவி முடியும் மாடரேட்டர் டேவிட் வெல்ஷ் கூட்டத்தைத் தொடங்கவில்லை. ஒரு மறுப்புரையை வாசித்தார், மேசைமேல் வைத்தார், அரசியின் பிரதிநிதிக்குத் தலைவணங்கினார், வெளியே நடந்தார். பிரிந்தவர்களின் தலைவரான தாமஸ் சால்மர்ஸ் பின்தொடர்ந்தார். வரிசை வரிசையாக மற்றவர்களும். கேனன்மில்ஸ் பகுதியிலிருந்த டான்ஃபீல்டு மண்டபம்வரை நடந்துபோய், சுதந்திரத் திருச்சபையின் முதல் பேரவையாகக் கூடினார்கள். கடைசியில் பதவியைத் துறந்து கையெழுத்திட்ட போதகர்கள் 474 பேர். சம்பளம், வீடு, ஆலயம் மூன்றையும் விட்டுவிட்டுப் போனவர்கள்.

இதன் அலை சென்னைவரை வந்தது. இங்கே பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜான் ஆண்டர்சனும் உடன் ஊழியர்களும் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் போனார்கள். அந்தப் பள்ளியின் வழியில் வளர்ந்ததுதான் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அதன் முதல்வராக நாம் அறிந்த வில்லியம் மில்லர் 1896இல் அதே சுதந்திரத் திருச்சபைப் பேரவையின் மாடரேட்டராக அமர்ந்தார். பிரிந்தவர்களில் பெரும்பகுதியினர் 1929இல் மீண்டும் தாய்ச் சபையோடு இணைந்தார்கள். புரவலர் முறையை நாடாளுமன்றம் 1874இலேயே ஒழித்துவிட்டிருந்தது.

அமெரிக்காவில் கொஞ்சம் வேறு

1789இல் ஃபிலடெல்ஃபியாவில் முதல் பேரவை கூட்டிய அமெரிக்க மரபின் இன்றைய வாரிசான பிரஸ்பிட்டேரியன் சர்ச் யு.எஸ்.ஏ., இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. போதகரும் மூப்பரும் சம எண்ணிக்கை. விஷயங்கள் முதலில் குழுக்களில் அலசப்பட்டு முழு அவைக்கு வரும். இளைஞர் ஆலோசனை உறுப்பினர்களின் வாக்கை முதலில் எடுத்துத் திரையில் காட்டிவிட்டு, பிறகுதான் கமிஷனர்கள் வாக்களிப்பார்கள். இளையவர் மனம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு பெரியவர்கள் முடிவெடுப்பது நல்ல ஏற்பாடு.

அங்கும் கடிவாளம் உண்டு. நிர்வாக விதியை மாற்றப் பெரும்பான்மைப் பிரஸ்பிட்டரிகள் போதும். விசுவாச அறிக்கைகளின் தொகுப்பில் ஒன்றைச் சேர்க்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு எதிராக எழுந்த பெல்ஹார் அறிக்கையைச் சேர்க்க 2010ஆம் ஆண்டுப் பேரவை விரும்பி அனுப்பியது. 108 பிரஸ்பிட்டரிகள் ஆதரவு, 63 எதிர்ப்பு. தெளிவான பெரும்பான்மைதான். ஆனால் தேவைப்பட்டது 116. எட்டு குறைந்தது, விழுந்துவிட்டது. 2014இல் மறுபடி அனுப்பினார்கள். இந்த முறை தேறியது. 2016ஆம் ஆண்டுப் பேரவை அதை முறைப்படி சேர்த்தது.

எடின்பரோவில் வாரக் கடைசியில் 122ஆம் சங்கீதத்தின் எருசலேமின் சமாதானத்துக்கான வரிகளைப் பாடி, பேரவை கலைக்கப்படும். கலைகிறது என்றால் உண்மையிலேயே கலைகிறது: இந்தக் கமிஷனர்களின் பொறுப்பு அத்தோடு முடிந்தது, அடுத்த மே மாதம் கூடுவது புதிய பேரவை. நடுவில் வரும் அவசர வேலைகளைக் கவனிக்க ஒரு சிறிய ஆணையம் இருக்கும். கமிஷனர்கள் தங்கள் பிரஸ்பிட்டரிக்குத் திரும்பிப்போய் நடந்ததைச் சொல்வார்கள். அந்த ஆண்டு பாரியர் ஆக்டின் கீழ் ஓவர்ச்சர் ஏதாவது நிறைவேறியிருந்தால், அதன் வாசகம் பிரஸ்பிட்டரி கிளார்க்கிடம் வந்து சேரும். அதை விவாதிக்க ஒரு கூட்டத் தேதியைக் குறிப்பார்கள்.